பூசாத சுவர்: லாரி பேக்கரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது?

திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு லாரி பேக்கர் என்ற பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தம்பானூரில் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ காத்திருக்கும் நேரத்தில் அந்தச் சிவப்புக் காப்பிக் கடைக்குள் நுழைந்து, சுற்றிச் சுற்றி ஏறிப்போய், பீட்ரூட் போட்ட மசால் தோசையைச் சாப்பிடாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? ஆனால் இந்த மலர் வெளியூர்ச் சங்கங்களுக்கும் போகிறது. ஆகையால் மும்பை, தில்லி, கொல்கத்தா அன்பர்களுக்காக நாலு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக் கலை படித்தார். குவேக்கர் என்னும் எளிமையை வற்புறுத்தும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தார். அப்போது காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1945-இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டித்தரும் பணிக்காக இந்தியாவுக்கு வந்தார். 1948-இல் டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியில் பித்தோராகரில் பல ஆண்டுகள் மருத்துவப் பணி செய்தபின், 1963-இல் கேரளத்து வாகமணுக்கும், அதன்பின் திருவனந்தபுரத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். இந்தியக் குடிமகனாகி, 1990-இல் பத்மஸ்ரீ பெற்று, 2007 ஏப்ரல் 1 அன்று இந்த ஊரிலேயே மறைந்தார். வெளியூரிலிருந்து பிழைக்க வந்து இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டவர் என்ற வகையில் நம் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றுகூடச் சொல்லலாம்!

நான் கட்டடக் கலைஞன் அல்லன். சிவில் படித்துவிட்டு முப்பது வருஷம் எஸ்டிமேட் எழுதியும், மற்றவர் எழுதியதைச் சரிபார்த்தும் காலம் தள்ளியவன். கலைஞன் கட்டடத்தின் முகத்தைப் பார்ப்பான். எஸ்டிமேட்காரன் அதன் வயிற்றைப் பார்ப்பான். 'பேக்கரால் ஊக்கம் பெற்றுக் கட்டுகிறேன்' என்று இன்று எத்தனையோ இளம் கட்டடக் கலைஞர்கள் சொல்கிறார்கள். வீடு விற்பவர்களின் விளம்பரத் தாளிலும் 'பேக்கர் ஸ்டைல்' என்ற சொல் ஏறிவிட்டது. அவர்கள் பேக்கரிடமிருந்து எடுத்துக்கொள்வது எதை, எடுத்துக்கொள்ள வேண்டியது எதை என்பதை ஓர் எஸ்டிமேட்காரனின் கண்ணால் பார்க்க நினைத்ததே இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கர் ஒரு கழித்தல் கணக்கு. அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் அதைக் கூட்டல் கணக்காக மாற்றிவிட்டார்கள்.

கணக்கு என்றால் வெறும் உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமான கணக்கையே போட்டுப் பார்ப்போம். 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குல உயரமுள்ள செங்கல்லை வைத்துக்கொள்ளுங்கள். சாந்தின் கனத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒன்பது அங்குலச் சுவரில் ஓர் அடி நீளமும் முக்கால் அடி உயரமும் கொண்ட துண்டை வழக்கமான முறையில் கட்டினால் 8 கல் பிடிக்கும். பேக்கர் செய்தது என்ன? கல்லைப் படுக்கவைக்காமல் விலா ஊன்றி நிறுத்தினார். இரண்டு பக்கமும் 3 அங்குலக் கனத்தில் ஒவ்வொரு கல், நடுவே 3 அங்குலக் காலியிடம், இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். இப்படிக் கட்டினால் அதே துண்டுக்கு 6 கல் போதும். நாலில் ஒரு பங்கு மிச்சம். சாந்தும் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெளி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர்; இங்கிலாந்தில் முன்பே பழகிய முறைதான். பேக்கர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எங்கே தேவையோ அங்கே கொண்டுவந்து சேர்த்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' லேசுப்பட்ட காரியம் அல்ல.

கூரையிலும் அவர் இதே வேலையைத்தான் செய்தார். கான்கிரீட் தளம் பாரத்தைத் தாங்கும்போது அதன் மேல்பகுதி அழுத்தத்தை ஏற்கிறது. அடிப்பகுதியில் வரும் இழுப்பைக் கம்பி ஏற்கிறது. அடியில் இருக்கிற கான்கிரீட் கம்பியைப் போர்த்திக்கொண்டு சும்மா தொங்குகிறதே தவிர, அதற்குப் பெரிதாக வேலை கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு நாற்காலி தேய்க்கிற ஆசாமி மாதிரி! அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை அடுக்கிவிட்டு மேலே கான்கிரீட் போட்டார் பேக்கர். சிமென்ட் மிச்சமானது, தளத்தின் எடை குறைந்தது, அறைக்குள் வெக்கை தணிந்தது. அண்ணாந்து பார்த்தால் ஓடுகள் வரிசையாகத் தெரியும். அந்த அழகுக்கென்று அவர் தனியாக ஒரு காசு செலவழிக்கவில்லை.

ஜன்னலுக்கு வருவோம். சட்டம், கதவு, கீல், கொக்கி, கம்பி, கண்ணாடி, அதற்கு மேலே லிண்டல், அதற்கும் மேலே சன்ஷேடு. எஸ்டிமேட்டில் ஒரு ஜன்னல் எத்தனை வரி பிடிக்கும் என்று எழுதியவனுக்குத்தான் தெரியும். ஜன்னல் எதற்கு என்று பேக்கர் கேட்டார். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் என்றால், கட்டும்போதே கல்லுக்குக் கல் இடைவெளி விட்டால் போதுமே! இதுதான் அவருடைய புகழ்பெற்ற ஜாலிச் சுவர். (நம் பிள்ளைகள் சொல்கிற 'ஜாலி' வேறு, இது வடக்கே கல்லிலும் மரத்திலும் செய்கிற சல்லடை வேலைப்பாட்டின் பெயர்.) திறந்து மூடத்தான் வேண்டும் என்றால் ஒற்றைப் பலகை, மேலும் கீழும் ஒவ்வொரு முளை, அதில் சுழலும் ஜன்னல். திறப்புக்கு மேலே லிண்டலுக்குப் பதில் செங்கல் வளைவு. பூச்சு வேண்டாம், ஆகவே பெயின்ட்டும் வேண்டாம். எஸ்டிமேட்டில் வரிவரியாக அடித்துக்கொண்டே போகிறார் மனுஷன். எல்லாம் அடித்த பிறகு மிஞ்சி நிற்பதுதான் நாம் 'பேக்கர் கட்டடம்' என்று படம் பிடிக்கிற பொருள்.

தம்பானூர் காப்பிக் கடையை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். புகைப்படம் எடுப்பவர்கள் வட்டக் கோபுரம் என்று வியக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. மனை சிறியது, வருகிற கூட்டமோ பெரியது. மாடி மாடியாகக் கட்டினால் படிக்கட்டுக்கும் நடைக்கும் பாதி இடம் போய்விடும். அவர் தரையையே ஒரு சரிவாக்கிச் சுருள் வட்டமாக மேலே ஏற்றிவிட்டார். நடைபாதையே உணவுக்கூடம், உணவுக்கூடமே படிக்கட்டு! மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்துக் கட்டியவை, யாரும் நகர்த்த முடியாது, உடைக்கவும் முடியாது. தரை சரிந்தாலும் மேசை சமமாகவே நிற்கிறது. வெளிச்சுவரின் சல்லடைத் துளைகளில் காற்று புகுந்து வருகிறது. மூட்டு வலிக்காரர்களுக்கு அந்த ஏற்றம் கொஞ்சம் சிரமம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வட்டம் 'டிசைன்' என்று யோசித்து வைத்த வட்டம் அல்ல. இடத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த வட்டம். அரை ஏக்கர் காலி மனையில் அதே மாதிரி சுருளைக் கட்டி வைத்தால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

அப்படித்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நம் சங்கத்து அன்பர் ஒருவர், பணி ஓய்வுக்குப்பின் சொந்த ஊரான தென்காசிப் பக்கம் வீடு கட்டப் போகிறார். 'பேக்கர் ஸ்டைல்ல ஒரு வீடு அண்ணாச்சி, எஸ்டிமேட்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க' என்று தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். படித்துப் பார்த்தேன். கான்கிரீட் தூண்கள், உத்தரங்கள், இடையே சிமென்ட் கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. அந்தப் பூச்சின் மேல் 'பிரிக் கிளாடிங்', அதாவது செங்கல் நிறத்தில் வருகிற மெல்லிய வில்லைகளைப் பசை வைத்து ஒட்டுவது. அதன் மேல் பளபளப்புக்கு ஒரு மெருகு எண்ணெய். முகப்பில் ஒரு ஜாலிச் சுவர், அதற்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல், அறைக்குள் ஏசி. பேக்கர் அடித்த வரிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அவற்றோடு 'பேக்கர்' என்று புதிதாகச் சில வரிகள் சேர்ந்திருக்கின்றன! பூச்சே வேண்டாம் என்பதற்காகக் கல்லைத் திறந்து காட்டியவர் அவர். இங்கே பூசிய சுவர்மேல் கல்லை ஒட்டி, பூசாததுபோலக் காட்டுகிறோம். கதர்த் துணி மாதிரி அச்சடித்த பாலியெஸ்டரைக் கட்டிக்கொண்டு காந்தியவாதி என்று சொல்லிக்கொள்வதற்கு இது ஒப்பு.

ஒரு பழைய மேதையிடமிருந்து ஊக்கம் பெறுவது எப்படி என்பதற்குப் பேக்கரே நல்ல உதாரணம். பித்தோராகரில் அவர் போய் இறங்கியபோது, கையில் இருந்தது பர்மிங்ஹாம் படிப்பு. எதிரே இருந்ததோ கல், மண், மாட்டுச் சாணம், மலைச்சரிவு. படித்த பாடம் அங்கே எடுபடவில்லை. மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வாழ்ந்த வீடுகளே அவருக்கு இரண்டாவது கல்லூரியாயின. கேரளத்துக்கு வந்தபின் அவர் பித்தோராகர் வீட்டைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே மழை வேறு, மண் வேறு. ஆகவே இங்கத்திய சரிந்த கூரையையும், நீண்ட இறவாரத்தையும், முற்றத்தையும் படித்தார். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள், மேல்மாடத்து மரச் சட்டங்களின் இடுக்கு வழியே வெளிச்சம் நூல்நூலாக உள்ளே விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. பேக்கரின் ஜாலிச் சுவர் அந்த ராஜாங்க மரவேலையின் ஏழைத் தம்பி என்றே எனக்குத் தோன்றும். தேக்குக்குப் பதில் செங்கல். தச்சன் கைக்குப் பதில் கொத்தன் கை. வடிவத்தை அவர் எடுக்கவில்லை, அது செய்கிற வேலையை எடுத்துக்கொண்டார்.

கட்டுகிற இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கிற பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதைத் தம் வழிகாட்டியாகப் பேக்கர் பல முறை குறிப்பிட்டிருக்கிறார். பொருளுக்கு மட்டும் அல்ல, மனிதருக்கும் இதை அவர் பொருத்தினார் என்று தோன்றுகிறது. 1970-களின் நடுவில் பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டும் வேலை வந்தது. அரசாங்க எஸ்டிமேட் வழக்கப்படி என்றால் லயன் வீடுகள்தான்: ஒரே நீளக் கோடு, முதுகோடு முதுகு. அவர் வீடுகளை ஒன்றுக்கொன்று விலக்கி முன்னும் பின்னுமாக நிறுத்தினார். கடற்காற்று எல்லா வீட்டுக்கும் வந்தது, கடலைப் பார்க்க முடிந்தது, வலை உலர்த்தவும் பிள்ளைகள் விளையாடவும் நடுவே வெளி கிடைத்தது. செலவு கூடாமல் இதைச் செய்ய ஒரே ஒரு முன்னேற்பாடுதான் தேவை: அங்கே குடியிருக்கப் போகிறவர் காலையில் எழுந்து என்ன செய்வார் என்று தெரிந்துகொள்வது.

உள்ளூரில் 1971-இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்திலும் இதே குணத்தைப் பார்க்கலாம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமப்படுத்தாமல், நிலம் போன போக்கிலேயே கட்டடங்கள் ஏறி இறங்குகின்றன. மரம் குறுக்கே வந்தால் சுவர்தான் வளைந்து வழிவிடும். பொருளாதாரம் பேசுகிறவர்கள் குடியிருக்கும் இடத்தைச் சிக்கனமாகக் கட்டியது பொருத்தந்தானே.

இவ்வளவும் புகழ்ச்சியாகவே போனால் அது விமரிசனம் ஆகாது. பேக்கருக்கு எதிரான வழக்கையும் கேட்போம். ஜாலிச் சுவரில் காற்று மட்டுமா வருகிறது? கொசுவும் வரும், பலத்த காற்றோடு சாரல் அடித்தால் தண்ணீரும் வரும். பூசாத செங்கல் கல் நன்றாக வெந்திருந்தால்தான் நிற்கும்; வேகாத கல் கேரளத்து மழையில் உதிர்ந்து, பாசி பிடித்துக் கறுக்கும். எலிப்பொறிக் கட்டுக்குக் கை தேர்ந்த கொத்தன் வேண்டும். சாந்து உள்ளே சிந்தினால் காலியிடம் அடைபட்டு, கட்டின் பயனே போய்விடும். பேக்கர் காலத்தில் பொருளின் விலையை மிச்சம் பிடித்தால் வீட்டின் விலை குறைந்தது. இன்று கேரளத்தில் கூலிதான் பெரும் செலவு. தவிர, அவர் ஒப்பந்தக்காரரை நம்பாமல் தாமே வேலையிடத்தில் நின்று, பழைய கடித உறையின் முதுகில் படம் போட்டு, கொத்தனோடு பேசிப் பேசிக் கட்டியவர். மாதம் ஒருமுறை காரில் வந்து எட்டிப் பார்க்கிற கலைஞருக்கு அந்தக் கட்டடம் அமையாது.

இவை எல்லாம் தொழில் சங்கதிகள், தீர்வும் தேடலாம். அதைவிடக் கனமான வழக்கு ஒன்று உண்டு. குமரி மாவட்டத்துக் கொத்தனார் ஒருவர், இந்த ஊரில் பல பேக்கர் பாணி வீடுகளில் கரண்டி பிடித்தவர், என்னிடம் ஒருமுறை சொன்னார்: 'சாரே, வசதியுள்ளவன் வீட்டப் பூசாம விட்டா அதுக்குப் பேரு கலை. நான் எனக்க வீட்டப் பூசாம விட்டா, பாவம் துட்டுத் தீந்து போச்சுன்னுல்லா ஊர்ல சொல்லுவாங்க!' இதற்குப் பேக்கரின் புத்தகங்களில் பதில் இல்லை. தலைமுறையாக மண்சுவருக்குள் இருந்தவர்களுக்குச் சிமென்ட் பூச்சு வெறும் சிமென்ட் அல்ல, ஊரார் முன் நிமிர்ந்து நிற்க ஓர் ஏதுவும்கூட. எளிமை என்பது, ஆடம்பரம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் வேண்டாம் என்பவனுக்கே முழு அர்த்தத்தில் வாய்க்கும். பேக்கர் அப்படி வேண்டாம் என்றவர். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் தமக்கென்று கட்டிக்கொண்ட வீட்டிலும், மற்றவருக்குச் சொன்னதையே செய்தார். பழைய பொருட்களைச் சேர்த்து, சுவரில் கண்ணாடிப் புட்டித் துண்டுகளைப் பதித்து, தேவை எழுந்தபோது ஒவ்வொன்றாகக் கட்டிச் சேர்த்த வீடு அது. ஆகவே அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏழையின் ஆசை வேறு, ஏழைக்கு நல்லது என்று நாம் நினைப்பது வேறு. இந்த இடைவெளியை எலிப்பொறிக் கட்டின் காலியிடம்போல அவர் திறந்தே விட்டுவிட்டார் என்பதே என் கணிப்பு.

அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தவர்கள் அவரிடம் பழகிய அடுத்த தலைமுறையில் இருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ரா, தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கும் இடம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டிய இடமும்கூட. அங்கே பொதுக் கட்டடங்களுக்கு வடிவம் கொடுத்தவர் பேக்கர்; அந்தப் பணியைத் தொடர்ந்தவர் அவரிடம் தொழில் பழகிய பென்னி குரியகோஸ். செட்டிநாட்டு வீட்டுக்கும் கேரள வீட்டுக்கும் பக்கத்தில் நின்றாலும் அந்தக் கட்டடங்கள் அவற்றோடு போட்டி போடுவதில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடி, சின்னங்குடி மீனவர் குடியிருப்புகளை அமைக்கும் பணியிலும் பென்னி ஈடுபட்டார். ஒரே அச்சில் வார்த்து அடுக்காமல், குடும்பங்களோடு கலந்து பேசி வீடுகளைத் திட்டமிட்டார்கள். செங்கல் தெரிகிறதா, ஜாலி இருக்கிறதா என்பதை வைத்துப் பேக்கரின் வாரிசைத் தேடினால் இந்த வேலை கண்ணில் படாது. பூந்துறையில் கேட்ட கேள்வியைத் தரங்கம்பாடியில் மறுபடி கேட்டார்களே, அதுதான் எனக்கு வாரிசுரிமையாகத் தெரிகிறது.

செங்கல்லே இப்போது கேள்விக்குறி ஆகிவிட்டது. சூளைக்கு எவ்வளவு விறகு எரிகிறது என்ற கவலை பேக்கருக்கே இருந்தது; மண் வீட்டைப் பற்றித் தம் கையால் எழுதிப் படம் போட்டு ஒரு சிறு நூலே வெளியிட்டார். 2008-இல் கேரளத்தில் வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கும் சட்டம் வந்தபின், வயலில் களிமண் தோண்டுவது பழைய மாதிரி இல்லை. எல்லைக்கு அப்பால் நம் பக்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது கல். ஐந்து மைல் போய் ஐம்பது, நூறு மைல் என்று ஆகிவிட்ட பிறகு, அந்தக் கல்லில் எழும்புகிற சிவப்புச் சுவரைப் பேக்கர் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ. 1985-இல் அவரும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனத்தார் மண்ணிலும் மூங்கிலிலும் கட்டிக் காட்டுவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பார்வைக்கு அவை பேக்கர் கட்டடம் மாதிரி இல்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். பேக்கரும் பர்மிங்ஹாம் மாதிரி இல்லையே.

தென்காசி அன்பரிடம் அவருடைய மனையிலிருந்து ஐந்து மைலுக்குள் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். 'கல்லு கிடைக்கும் அண்ணாச்சி. தாத்தா வீடு இடிஞ்சு கெடக்கு, அதுல ஓடு ரெண்டாயிரம் தேறும். தேக்குத் தூணு நாலு இருக்கு. நெலைக் கதவு ஒண்ணு, அதை யாரோ வெலைக்குக் கேட்டாங்க' என்றார். எஸ்டிமேட்டை மறுபடி புரட்டினேன். இவற்றில் ஒன்றுக்கும் அதில் இடம் இல்லை. தூணுக்கும் கதவுக்கும் ஓட்டுக்கும் மூன்று வரி புதிதாக எழுதி, கிளாடிங், மெருகு எண்ணெய் இரண்டையும் சிவப்பு மையால் அடித்து, கதவை விற்க வேண்டாம் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் போட்டுக் கொடுத்தனுப்பினேன். தளத்துக்கு நடுவே தாத்தா வீட்டு ஓடுகளை வைக்கலாமா என்று அவருடைய கலைஞரைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறார்.